எட்டரை வண்டிப் பாட்டு

கேசட் உறையின் பின்பக்கத்தில், இடது மூலையில், எறும்பு ஊர்ந்தது போன்ற சின்ன எழுத்தில் இப்படி அச்சாகியிருந்தது: 'கீபோர்டு: நம்ம கொழுந்தனாக்கும்.' அந்தக் கொழுந்தன் நான்தான். எனக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு, பள்ளிச் சான்றிதழிலும் உண்டு, ரேஷன் கார்டில் சிறிய பிழையோடு உண்டு. ஆனாலும் இசை உலகத்துக்கு நான் இந்தப் பெயரில்தான் அறிமுகம். இசை உலகம் என்று நான் சொல்வது பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, பஸ் கெட்டுப்போகாவிட்டால் அரை மணி நேரத்தில் கடந்துவிடக்கூடிய இடத்தை. உறை அச்சடித்தவர் போனில் கூப்பிட்டு, கீபோர்டு வாசித்தது யார் என்று கேட்டிருக்கிறார். மைனி, "நம்ம கொழுந்தனாக்கும்" என்று சொல்லியிருக்கிறார். அவர் நேர்மையான மனிதர். சொன்னதை ஒரு எழுத்துக்கூட விடாமல் அடித்துவிட்டார்.

மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி. என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவர், அந்த ஒரு வயதை அவர் ஒரு நாளும் வீணாக்கியதில்லை. அண்ணன் அப்போது வளைகுடாவில் இருந்தான். மைனி பாலராமபுரத்தில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் சேலை எடுத்துப் போடும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். நான் பாறசாலையில் ஒரு டுட்டோரியலில், பரீட்சையில் தோற்றவர்களுக்குத் தமிழ் நடத்திக்கொண்டிருந்தேன். அவர்கள் மறுபடியும் தோற்றுவிடாதபடி பார்த்துக்கொண்டேன் என்று எழுத ஆசைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் சபையில் கீபோர்டு வாசிப்பேன். அந்தக் கீபோர்டில் 'டெமோ' என்று ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் பெட்டி தானாகவே ஒரு நடனப் பாட்டை வாசிக்கும். ஒருமுறை பிரசங்கத்துக்கும் காணிக்கைக்கும் நடுவே என் முழங்கை அதில் பட்டுவிட்டது. என் வாழ்நாளில் நான் பிழையில்லாமல் வாசித்த ஒரே பாட்டு அது என்று மைனி பிற்பாடு பல பேரிடம் சொன்னார்.

அந்த மைனிதான் கேரளத்தின் தெற்கு எல்லையில் கிடக்கும் எங்கள் பகுதியின் முதல் பாப் பாடகி. இதை நான் உறவுக்காகச் சொல்லவில்லை. உறவுக்காக என்றால் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பேன்.

அவர் தினமும் காலையில் எட்டரை மணி வண்டிக்குப் பாறசாலையில் நிற்பார். வண்டி தெற்கிலிருந்து வரும். நிறுத்தத்தின் தெற்கு ஓரத்தில், எந்த வண்டிக்கும் போகாத நாலைந்து பேர் மதிலில் சாய்ந்து நிற்பார்கள். பெண்கள் வண்டி வருகிறதா என்று எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அந்த நாலைந்து பேரும் தலைமுடியைச் சரிசெய்துகொள்வார்கள். ஒரு மழைக்கால வாரத்தில் மைனி இதை ஒரு பாட்டாக்கிவிட்டார். சேலை மடிப்புக்குள் வைக்கும் அட்டை ஒன்றின் பின்புறம் எழுதி வந்து, மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டே எனக்குப் பாடிக் காட்டினார்.

'ஒன்னய ஒண்ணும் பாக்கல்ல,
எட்டரை வண்டிய பாக்கேன் ஆக்கும்.
ஒன்னக் கண்டு சிரிக்கல்ல,
எனக்க செருப்பு இளிக்குதாக்கும்.'

நான் தமிழ் வாத்தியார் அல்லவா. "மைனி, இதுல இலக்கணம் ஒண்ணும் இல்லியே" என்றேன்.

"எட்டரை வண்டிக்கு இலக்கணம் உண்டாலே? வந்தா வரும், வரல்லண்ணா இல்ல. நீ பெட்டிய எடு."

இதில் என்ன புதுமை என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். எங்கள் நிலைமை அப்படி. ஆபீஸில் மலையாளம், வேதப் புத்தகத்தில் ஒரு தமிழ், சினிமாவில் வேறொரு தமிழ், அடுப்பங்கரையில் இது எதிலும் சேராத ஒன்று. பாட்டு என்றால் முதல் மூன்றில் ஒன்றில்தான் வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். எனக்க, ஒனக்க என்று அம்மாவிடம் கஞ்சி கேட்கிற மொழியில் மைக் முன்னால் நின்று பாடலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கானமேளா என்ற மெல்லிசைக் குழுக்கள் அந்தப் பக்கத்து ஹிட்டுகளையும் இந்தப் பக்கத்து ஹிட்டுகளையும் மாறி மாறிப் பாடின, நாங்கள் மாறி மாறிக் கைதட்டினோம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் மறுபடியும் எனக்க, ஒனக்க.

முதல் மேடை எங்கள் ஊர் வாசகசாலை ஆண்டு விழாவில் கிடைத்தது. தமிழ் விளம்பரத் தட்டி எழுதும் பொறுப்பு, தமிழ் வாத்தியார் என்பதால், எனக்கு வந்தது. 'பாப் பாடகி' என்று எழுத வேண்டிய இடத்தில் ஒரு புள்ளியை விட்டுவிட்டேன். ஜங்ஷனில் மூன்று நாள் 'பாப பாடகி' என்று தொங்கியது. எதிர்ப்பக்கத்தில் மலையாளத் தட்டி எழுதியவருக்குப் பிழையே இல்லை, ஆனால் மலையாளத்தில் பாப்பையும் போப்பாண்டவரையும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். ஆக, ரோட்டின் இந்தப் பக்கம் வந்தவர்களுக்கு மைனி பாவியாகவும், அந்தப் பக்கம் வந்தவர்களுக்குப் போப்பாண்டவரின் பாடகியாகவும் தெரிந்தார். எங்களுடையது பழைய புராட்டஸ்டண்ட் மிஷன் சபை. இந்த இரண்டில் எது பெரிய குற்றம் என்று அங்கே சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "பிள்ளே, அப்பிடி என்ன பாபம் பாடப் போறே?"

"ஒரு புள்ளி விட்டுப் போச்சு மாமா. புள்ளி வச்சா பாபம் போயிரும்."

"எழுதினது ஆரு?"

மைனி என்னைப் பார்த்தார். செயலாளரும் என்னைப் பார்த்தார். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். தட்டியைக் கழற்றச் சொல்லவில்லை. அன்று வாசகசாலை முற்றத்தில், பாவம் எப்படி இருக்கும் என்று பார்க்க, எங்கள் சபை முழுக்க வந்திருந்தது. பிற்காலத்தில் எத்தனையோ நிகழ்ச்சிகளுக்கு ஒழுங்காகப் புள்ளி வைத்து எழுதினேன். அவ்வளவு கூட்டம் ஒருமுறைகூட வரவில்லை.

மைனி மேடைக்குக் கடைச் சேலையிலேயே வந்தார், கரை வைத்த வெள்ளைச் சேலை. காலில் வெள்ளை கான்வாஸ் ஷூ. வண்டியைப் பிடிக்க ஓடுவதற்காக வாங்கியது அது, அலங்காரம் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. எங்கள் பக்கத்துப் பாடகிகள் அதுவரை நோட்டுப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நின்று பாடுவார்கள். இவர் மைக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் தெற்கு ஓரத்துக்கு நடந்தார், எட்டிப் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், திரும்பி நடந்தார். மைக் வயர் என் கீபோர்டு ஸ்டாண்டின் காலைச் சுற்றிக்கொண்டது. மூன்றாவது நடையில் ஸ்டாண்டும் பெட்டியும் நானும் ஒன்றாகச் சாய்ந்தோம். மைனி திரும்பிப் பார்த்து, "வண்டி கெட்டுப் போச்சு, எல்லாரும் கொஞ்சம் இரியுங்க" என்றார். கூட்டம் அதையும் பாட்டில் சேர்த்து எடுத்துக்கொண்டது.

அடுத்த மாதமே பஸ் நிறுத்தங்களில் அந்தப் பாட்டு கேட்க ஆரம்பித்தது. யாராவது முறைத்துப் பார்த்தால் பெண்கள் ஒன்றும் பேசமாட்டார்கள், முதல் வரியை மட்டும் முனகுவார்கள். அது போதும், மதிலில் சாய்ந்தவன் நிமிர்ந்துவிடுவான். சேலைக்குக் கான்வாஸ் ஷூ போடும் பழக்கம் இரண்டு வருஷம் கல்லூரிப் பெண்களிடம் இருந்தது. எனக்குப் பிடித்த ஒரு பெண் அப்படி வந்தபோது நான் வண்டி வரும் திசையில் நின்றுகொண்டிருந்தேன், பாட்டை எனக்கே பாடிக் காட்டினாள். கீபோர்டு வாசித்தவன் என்று சொல்லிப் பார்த்தேன். பலனில்லை. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதுதான் திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோ, கேசட் போடலாம் வாருங்கள் என்று கூப்பிட்டது.

ஒலிப்பதிவுக்கு எங்களுக்கு ஒரே ஒரு நாள் கொடுத்திருந்தார்கள், சாயங்காலம் ஐந்து மணி வரை. பதிவு செய்தவர் மதுரைக்காரர், பிழைப்புக்காக அங்கே வந்தவர், நல்ல மனிதர். மைனி ஒருமுறை பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கேட்டார்: "அக்கா, ஒரு சந்தேகம். அந்தப் பொண்ணு பஸ்ஸப் பாக்குதா, பாக்கலையா?"

"பாக்கதாக்கும்" என்றார் மைனி.

"அதான் கேக்குறேன். எங்க ஊர்ல 'ஆக்கும்'னா 'போல இருக்கு'ன்னு அர்த்தம். மழை வரும் ஆக்கும்னா, வந்தாலும் வரும், வராமயும் போகும். அப்ப அந்தப் பொண்ணுக்கு அதுவே உறுதியாத் தெரியலையா?"

"எங்களுக்கு ஆக்கும்ணா உறப்பு. சத்தியமாக்கும்."

"சத்தியம் போல இருக்குன்னா?"

மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை, ஏனென்றால் அவர் சொன்னது எனக்குச் சரியாகப் புரிந்தது. நாங்கள் மூக்கறுப்பதற்காகப் பாடுகிற பாட்டு, மதுரைப் பக்கம் போனால், 'உன்னைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்க்கிறேன் என்றுதான் நினைக்கிறேன்' என்று ஆகிவிடும். மதிலில் சாய்ந்தவன் அதைக் கேட்டால் நிமிரமாட்டான், பக்கத்தில் வருவான். மதுரைக்காரர் ஒரு யோசனை சொன்னார்: 'ஆக்கும்' எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 'தான்' போடுங்கள், தமிழ்நாடு முழுக்கப் புரியும்.

மைனி ஹெட்போனைக் கழுத்தில் இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ தமிழ் படிச்சவனாக்கும். நீ சொல்லு மக்கா. இது எனக்க பாட்டு. அந்தச் சொல்ல எடுத்தா பின்ன இது ஆருக்க பாட்டு?"

அவருக்கு அன்று அது ஒன்றுதான் கேள்வி. கேசட் விற்குமா, பெயர் வருமா என்றெல்லாம் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. எனக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. மதுரையில், திருச்சியில், சென்னையில் என் கீபோர்டு ஒலிக்கும், டுட்டோரியலை விட்டுவிடலாம். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தேற்றம், ஐயம், இடைச்சொல் என்று பத்து நிமிஷம் பேசினேன். தோற்ற மாணவர்களிடம் பேசிப் பேசி அந்தக் குரல் எனக்குப் பழகியிருந்தது. கடைசியில், "தான் போடுதது தான் நல்லது மைனி" என்றேன். அவர் அட்டையில் 'ஆக்கும்' வந்த இடங்களையெல்லாம் பென்சிலால் அடித்துவிட்டுப் பாடினார். அதோடு 'பாக்கேன்' என்பதும் மாறிப்போனது: 'எட்டரை வண்டியைத்தான் பார்க்கிறேன்.' சுதி சுத்தம், தாளம் சுத்தம். ஐந்து மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே முடிந்துவிட்டது. 

கேசட் வந்தது. பாட்டுகளில் ஓரிடத்தில்கூட 'ஆக்கும்' இல்லை. மிச்சமிருந்த ஒரே ஒரு 'ஆக்கும்' உறையின் பின்பக்கத்தில், என் தலையில் உட்கார்ந்திருந்தது. மதுரையில் யாரும் வாங்கியதாகத் தகவல் இல்லை. வளைகுடாவுக்கு ஒன்று அனுப்பினோம். அண்ணன் கேட்டுவிட்டு எழுதிய கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருந்தன. அந்த 'உன்னை' யார்? இது எந்த ஊர்க்காரி பாடியது?

முதல் கேள்விக்கு மைனி சிரித்துக்கொண்டே பதில் எழுதினார். இரண்டாவதற்கு எழுதவே இல்லை.

கேசட் வந்த பிறகு முதல் மேடை திருப்புறம் என்ற ஊரில், கோயில் உற்சவத்தில். சூரியன் இன்னும் இறங்கவில்லை. கேசட்டில் உள்ளபடியே பாடவேண்டும் என்று ஸ்டுடியோவில் சொல்லியிருந்தார்கள், நானும் அதையே சொல்லியிருந்தேன். மைனி கேசட்டில் உள்ளபடியே பாடினார். முதல் வரிக்குக் கைதட்டினார்கள். இரண்டாவது வரியில் 'தான்' வந்ததும் கைதட்டல் அப்படியே நின்றது. முன்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது மேடை வரைக்கும் கேட்டது: "இவளுக்கு என்ன, சுகமில்லியா?"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "எலே, வண்டி மாறிப் போச்சுலே. எறங்கு, எறங்கு."

மைனி பாடிக்கொண்டே இருந்தார். அடுத்த 'தான்' வந்தபோது கூட்டம் அதைக் கேட்கவே விடவில்லை. நூறு இருநூறு பேர் சேர்ந்து அந்த இடத்தில் "ஆக்கும்" என்றார்கள். அதில் கோபம் இல்லை. வகுப்பில் தப்பாகச் சொல்லும் பிள்ளைக்குப் பக்கத்துப் பெஞ்சுக்காரன் எடுத்துக் கொடுப்பதுபோலத்தான் சொன்னார்கள். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட்டேன். எதை அழுத்தினேன் என்று எனக்குத் தெரிவதற்கு முன்னால் கோயில் முற்றத்துக்குத் தெரிந்துவிட்டது. டெமோ. அந்த நடனப் பாட்டு உற்சவப் பந்தல் முழுக்கப் பரவியது.

மைனி பாட்டை நிறுத்தினார். என்னிடம் நடந்து வந்து, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "வயரப் புடுங்குலே" என்றார். புடுங்கினேன். "இனி ஆக்கும் போட்டு நான் பாடப் போறேன். ஒனக்க இடைச்சொல்லெல்லாம் ஒனக்க பிள்ளியளுக்குச் சொல்லிக் குடு." கோபமாகச் சொல்லவில்லை, கடையில் பிடிக்காத சேலையை மடித்து வைக்கிற குரலில் சொன்னார். பிறகு கீபோர்டு இல்லாமல், கூட்டத்தின் கைதட்டலை மட்டும் வைத்துக்கொண்டு, முதலிலிருந்து பாடினார். நான்கு முறை பாடவைத்தார்கள். மேடைக்குக் கீழே டேப் ரெக்கார்டர்களை வரிசையாக வைத்துப் பதிவு செய்தார்கள். ஊர் ஊராகப் போனது அந்தப் பதிவுகள்தான். என் பங்கு அவற்றில் முழு மௌனம். விமர்சகர்கள் யாராவது இருந்திருந்தால் என் மிகச்சிறந்த வாசிப்பு அதுதான் என்று எழுதியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு ஏழெட்டு வருஷம் அவர் பாடினார். அந்தச் சொல்லை மாற்றச் சொல்லி இன்னும் இரண்டு கம்பெனிகள் வந்தன, சாயா கொடுத்து அனுப்பிவிட்டார். பாடுவதை நிறுத்தினார் என்று ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. கடையில் பொறுப்புக் கூடியது, பிள்ளைகள் வந்தார்கள், ஒரு உற்சவத்துக்குப் பிறகு அடுத்த உற்சவத்துக்கு யாரும் கூப்பிடவில்லை, அதை அவரும் கவனிக்கவில்லை. பாடகியை மறந்தவர்கள் பாட்டை மறக்கவில்லை. காட்டாக்கடைப் பக்கத்தில், பாலராமபுரத்தில், வேறு வேறு பெண்களும் ஆண்களும் வீட்டு மொழியில் பாட்டுக் கட்டிப் பாடத் தொடங்கினார்கள். ரப்பர் வெட்டைப் பற்றி ஒரு பாட்டு, தாலூக் ஆபீஸ் வரிசையைப் பற்றி ஒரு பாட்டு. எல்லாவற்றிலும் மேடை ஓரத்துக்கு நடந்து ஒரு எட்டிப் பார்த்தல் இருக்கும். எங்கிருந்து வந்தது என்று ஆடுகிறவர்களுக்கே தெரியாது.

சமீபத்தில் நெய்யாற்றின்கரையில் ஒரு சாயங்கால நிகழ்ச்சிக்கு மைனியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு இப்போது மூட்டுவலி, எனக்கு இப்போது தலைமுடி இல்லை, மற்றபடி அதே ஆட்கள்தான். மேடையில் காட்டாக்கடையிலிருந்து வந்த ஒரு பெண், இருபது வயதிருக்கும், கித்தாரோடு. நாலு பாட்டுப் பாடிவிட்டுச் சொன்னாள்: "அடுத்தது நம்ம பார்டர்ல பண்டு தொட்டே உள்ள நாடன் பாட்டாக்கும். எழுதினது ஆருண்ணு ஆருக்கும் தெரியாது. எனக்க அம்மைக்குத் தெரியும், அம்மைக்க அம்மைக்கும் தெரியும்." நாடன் பாட்டு என்றால் எங்கள் பக்கத்தில் நாட்டுப்புறப் பாட்டு. பிறகு, 'ஒன்னய ஒண்ணும் பாக்கல்ல' என்று தொடங்கினாள். அரங்கம் முழுக்கச் சேர்ந்துகொண்டது. 'ஆக்கும்' வரும் இடமெல்லாம் நாற்காலிகள் அதிர்ந்தன.

நான் மைனியின் முழங்கையை இடித்தேன். "எழும்பிச் சொல்லுங்க மைனி. ஒங்களுக்க பாட்டை நாடன் பாட்டுங்கா."

"சும்மா இரிலே. தெரியாதுண்ணுதான சொன்னா. அவளுக்குத் தெரியாதுதான."

அப்போது அந்தப் பெண் மேடையிலிருந்து இறங்கி, ஆளுக்கு ஒரு வரியாகப் பாடச் சொல்லி மைக்கை நீட்டிக்கொண்டே வந்தாள். எங்கள் வரிசைக்கும் வந்தாள். மைனி மைக்கை வாங்கவில்லை, அவள் நீட்டிய மைக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய்ப் பாடினார்: 'எட்டரை வண்டிய பாக்கேன் ஆக்கும்.' குரல் கொஞ்சம் கரகரத்தது, ஆனால் சுதி அப்படியே இருந்தது.

அந்தப் பெண் அன்பாகச் சிரித்தாள். "சூப்பர் ஆன்ட்டி. பின்ன, எட்டரை இல்ல கேட்டியளா, எட்டே முக்காலாக்கும். இன்னும் ஒருக்கா பாடுங்க."

நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அந்த எட்டரை வண்டியில் பதினோரு வருஷம் போனவரிடம் சொல்கிறாள். ஸ்டுடியோவில் நான் பேசிய பத்து நிமிஷத்துக்கும் சேர்த்து இப்போது ஒரு நிமிஷமாவது பேசிவிடவேண்டும் என்று வாயைத் திறந்தேன். மைனி என் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டு, அவளோடு சேர்ந்து, 'எட்டே முக்கா வண்டிய பாக்கேன் ஆக்கும்' என்று பாடினார். அவள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

நிகழ்ச்சி முடிந்து பஸ் நிலையத்துக்கு நடக்கும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு சொல்லை மாற்றச் சொன்னதற்கு இரண்டு கம்பெனிகளையே திருப்பி அனுப்பியவர் நீங்கள், இன்றைக்கு ஒரு சின்னப் பிள்ளை சொன்னதும் தலையாட்டிவிட்டீர்களே என்று கேட்டேன்.

மைனி நின்று முட்டியைத் தடவிக்கொண்டார்.

"எட்டரை வண்டிய நிறுத்திக் காலம் எத்தனையாச்சு மக்கா. இப்பம் எட்டே முக்காலுக்கு ஒண்ணுதான் உண்டு. இல்லாத வண்டிக்கு அந்தப் பிள்ள என்னத்துக்குக் காத்து நிக்கணும்?"